கம்பெனி மெஷினும் ஒரு ஸ்டிக்கரும்

நம் செட்டு ஆட்களிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும். இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால், "கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டா போனீர்கள்?" என்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கழற்றினோம். சிலர் கால் கழுவிக்கொண்டும் போனோம். முட்டி வலிக்கு எந்தக் களிம்பு நல்லது என்பதுதான் இப்போது நம் பேச்சு என்றாலும், வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த நாளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தக் களிம்பிலும் டி.வி.யில் அடிக்கடி வருவதைத்தானே வாங்குகிறோம். அதனால் என் அப்பாவைப் பார்த்து யாரும் ரொம்பச் சிரிக்க வேண்டாம்.

அந்த வருஷம் எனக்குப் பத்து வயது. மலையாள நாட்டுக் கரமனையில் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு; வீட்டுக்குள் தமிழ், வெளியே மலையாளம். அப்பா சர்க்கார் ஆபீஸில் வேலை. அக்கா கம்ப்யூட்டர் டிப்ளமா கடைசி செமஸ்டர் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி செமஸ்டரில் அவளே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லூரியில் ஒரு மெஷினுக்கு நான்கு பேர் முட்டி மோத வேண்டியிருந்ததால், வீட்டில் ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவானது.

வாங்குவது என்று முடிவானதும் எந்த மெஷின் என்று சண்டை ஆரம்பித்தது. சண்டை அப்பாவுக்கும் மாமாவுக்கும்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அப்போது கல்யாணம் ஆகவில்லை. அடுத்த தெருவில் ஒரு போர்ஷனில் தனியாக இருந்தார். ஏற்கெனவே அவரிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஆரியசாலையில் மிளகாய் மொத்தக் கடை ஒன்றின் மாடியில் ஒருவர் சென்னையிலிருந்து பாகங்கள் வரவழைத்து விற்றார்; அவரிடம் ஒவ்வொன்றாக வாங்கி மாமா தானே இணைத்துப் பூட்டியது அது. கீழ்க்கடையின் வற்றல் மிளகாய் நெடி அந்த மெஷினுக்குள் எப்படியோ குடியேறிவிட்டிருந்தது. சுவிட்சைப் போட்டுச் சூடானதும் லேசாகத் தும்மல் வரும். மாமாவுக்குப் பழகிவிட்டது. நான் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் அதிலிருந்த சீட்டு விளையாட்டை ஆரம்பிப்பேன்.

"அத்திம்பேர், நான் சொல்றதைக் கேளுங்கோ. உள்ள இருக்கற சாமான் எல்லாம் ஒண்ணுதான். நாமளே கூட்டிச் சேர்த்தா இதைவிட நல்ல மெஷினே கிடைக்கும்" என்றார் மாமா.

"ஒண்ணுதான்னா அவன் எதுக்கு டி.வி.ல அத்தனை விளம்பரம் பண்றான்? வெறுதேயா, சும்மாவா?"

"விளம்பரம் பண்றதுக்கும் சேர்த்துத்தானே நம்மகிட்ட வாங்கறான்!"

"உன் மிளகாய் மெஷின் உன்னோட இருக்கட்டும். என் பொண்ணு படிக்கறதுக்கு கம்பெனி மெஷின்தான்."

மிளகாய் மெஷின் என்ற பெயர் அன்றைக்கு விழுந்ததுதான். பிறகு அப்பா மாமாவைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவார். மாமா சிரித்துக்கொண்டே போய்விடுவார். எனக்குத்தான் பொறுக்காது.

அந்த விளம்பரம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கடைசியில் ஒரு சின்ன மெட்டு, நான்கைந்து சுரம். அது முடியும்போது ஒரு சதுர ஸ்டிக்கர் மின்னும். உள்ளே இருப்பது எங்கள் சிப் என்று அந்த ஸ்டிக்கர் சொல்லும். கம்ப்யூட்டருக்குள் சிப் என்று ஒன்று இருக்கிறது என்பதே நம் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் தெரியும். அது மின்னியதும் கம்ப்யூட்டரிலிருந்து குதிரைகள் பாயும், ராக்கெட் கிளம்பும், ஒரு குழந்தை கை தட்டும். அந்த ஸ்டிக்கருக்குள்தான் சமாசாரம் இருக்கிறது என்று பத்து வயதில் நான் நம்பினேன். வேறு எப்படி நம்புவதாம்?

ஓணம் வந்தது. மலையாளப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள். எதை வாங்கினாலும் ஒரு குடை இலவசம், ஒரு பிளாஸ்க் இலவசம். அப்பா எங்கள் எல்லோரையும் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு ஒரு ஷோரூமுக்குப் போனார். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஏ.ஸி. குளிர் முகத்தில் அடித்தது. அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். டை கட்டிய ஒரு பையன் பதினைந்து நிமிஷம் இங்கிலீஷும் மலையாளமுமாகப் பேசினான். அப்பா பொறுமையாகத் தலையாட்டினார். கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அந்த ஸ்டிக்கர் உண்டல்லோ?"

"உண்டு சார்! ஒரிஜினல்!"

அப்பாவின் முகத்தில் ஒரு திருப்தி. மாமாவின் மெஷினில் இல்லாதது அதுதானே.

மூன்று அட்டைப்பெட்டிகள் ஆட்டோவில் வந்து இறங்கின. கூடவே இலவச பிளாஸ்க். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்பா சட்டங்கள் போட்டார். குளிக்காமல் தொடக் கூடாது. பக்கத்தில் வைத்து எதுவும் தின்னக் கூடாது. முக்கியமான சட்டம், மெஷினைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே கூடாது. முன்பக்கம் சுவிட்சும் ஸ்டிக்கரும் தெரிகிற அளவுக்குக் கத்தரியால் ஒரு ஜன்னல் வெட்டிக் கொடுத்தார், பின்பக்கம் ஒயர் நுழைய ஒரு ஓட்டை. மற்றபடி உறை அப்படியே இருந்தது. ஸ்கூட்டர் வாங்கினவர் சீட்டு உறையை வருஷக்கணக்கில் கழற்ற மாட்டார், நாற்காலி வாங்கினவர் அதன் பாலிதீன் மேலேயே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அந்தக் காலம்தானே. போதாததற்கு அம்மா நீல வெல்வெட்டில் ஒரு உறை தைத்து அதன் மேலும் போட்டாள். ஓரத்தில் ஜரிகை வேறு.

வந்தவர்களிடம் அப்பா ஸ்டிக்கரைக் காட்டுவார். மானிட்டரைக் காட்ட மாட்டார். "இது பார்த்தேளா?" என்று விரலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். தொட மாட்டார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

புரட்டாசி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள்தான் அப்பா நாலு பேருக்கு முன்னால் மாமாவின் மெஷினை மறுபடி கேலி செய்திருந்தார். "மச்சினன் மெஷின் ஒரு லெட்டர் அடிக்கறதுக்குள்ள நாம நடந்துபோய் நேர்லயே சொல்லிட்டு வந்துடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், ஆனால் காதுமடல் சிவந்திருந்தது. எனக்கு அழுகையாக வந்தது. சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் மாமா. காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்கத் தோளில் போட்டு நடந்தவர் மாமா. அவர் மெஷின் மெதுவாக ஓடுவதற்குக் காரணம் ஸ்டிக்கர் இல்லாததுதான் என்றால், அந்தக் குறையைத் தீர்க்க என்னால் முடியும்.

அப்பா குளிக்கப் போயிருந்தார், அக்கா கடைக்குப் போயிருந்தாள். அம்மாவின் சேஃப்டி பின்னைக் கொண்டு ஸ்டிக்கரின் ஒரு மூலையைக் கிளப்பினேன். கிழியாமல் வந்துவிட்டது. வெல்வெட்டை இழுத்துவிட்டதும் அது இருந்த இடம் மறைந்துவிட்டது. பிஸ்கட் பாக்கெட்டின் மெழுகுத்தாளில் ஒட்டி, பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினேன். அவருடைய மெஷின் மேஜைக்கு அடியில் தரையில் இருக்கும். குனிந்து பார்த்தால்தான் முன்பக்கம் தெரியும். மாமா காப்பி போட உள்ளே போன நேரத்தில் மேஜைக்கடியில் நுழைந்து, ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினேன்.

பிறகு சீட்டு விளையாடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், மெஷின் வேகமாக ஓடியது. சீட்டுகள் பறந்தன. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

எங்கள் மெஷினுக்கு வேகம் குறைந்துபோகுமே என்று தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். கம்பெனி மெஷினாயிற்றே, ஒரு ஸ்டிக்கர் போனாலும் தாங்கும் என்று நினைத்தேன். ஆனால் இரண்டாம் நாளே அது நின்றது.

அக்கா தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மெஷின் பட்டென்று அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் வந்தது. அரைமணி ஓடியது, மறுபடி அணைந்தது. மறுநாளும் அப்படியே. அதுவரை அக்கா தினம் கால்மணி நேரம்தான் உட்காருவாள். புரோகிராம் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியதால் அந்த வாரம்தான் மணிக்கணக்கில் உட்கார ஆரம்பித்திருந்தாள். இதெல்லாம் இப்போது யோசித்தால் தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அப்பா ஷோரூமுக்குப் போன் செய்தார். பூஜை விடுமுறை முடிந்துதான் ஆள் வருவார் என்றார்கள். அக்காவோ விஜயதசமிக்கு மறுநாள் காலையில் புரோகிராமைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த வருஷம் போச்சு. அடுத்த வருஷம் மறுபடி பணம் கட்டிப் படிக்க வைக்க அப்பா சம்மதிப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே ஒரு ஜாதகம் வீட்டுக்கு வந்து அலமாரியில் காத்திருந்தது.

அம்மா சொல்லி மாமா வந்து பார்த்தார். கையை மெஷின் மேல் வைத்தவர் உடனே எடுத்துவிட்டார்.

"அத்திம்பேர், தோசைக்கல் மாதிரின்னா சுடறது! முதல்ல இந்த வெல்வெட்டையும் பிளாஸ்டிக்கையும் கழட்டிக் களையுங்கோ. மூச்சு விட வழியில்லை."

"அது கம்பெனிக்காரன் போட்டு அனுப்பினது. அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?"

"அது லாரில வரும்போது கீறல் விழாம இருக்கப் போட்டது அத்திம்பேர்."

"நீ ஒண்ணும் தொட வேண்டாம், கேட்டியா. ஆள் வருவான்."

அப்பா சந்தியாவந்தனம் பண்ண எழுந்து போனார். மாமா ஒரு கால்மணி நேரம் மெஷின் எதிரில் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அந்தக் கால்மணி நேரம்தான் பின்னால் வினையானது.

இங்கே சரஸ்வதி பூஜை எப்படி என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அஷ்டமி சாயங்காலம் புஸ்தகங்களைப் பூஜையில் வைத்துவிட்டால் தசமி காலை வரை ஒரு எழுத்து படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. பிள்ளைகளுக்கு வருஷத்தில் அதைவிட இன்பமான நாட்கள் கிடையாது. அந்த வருஷம் கம்ப்யூட்டரும் பூஜையில் சேர்ந்தது. தூக்கிவர முடியாது என்பதால் அதன் மேஜைக்கு முன்னாலேயே கோலம் போட்டு, புஸ்தகங்களைப் பக்கத்தில் அடுக்கினார்கள். அக்கா முகம் வாடி நின்றாள். இரண்டு நாள் போய்விடும் அவளுக்கு.

அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், கம்ப்யூட்டருக்கு வந்ததும் வெல்வெட்டைத் தூக்கினார். பொட்டு எங்கே வைப்பது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஸ்டிக்கருக்கு நேர் மேலே. விரலில் சந்தனத்தோடு கை அந்தரத்தில் நின்றது.

"ஸ்டிக்கர் எங்கே?"

அக்கா தனக்குத் தெரியாது என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு தலையாட்டல் மட்டும் இன்னும் கழுத்தில் உறுத்துகிறது.

மறுநாள் காலை, நவமி. வருஷா வருஷம் அம்மா தம்பிக்குச் சுண்டலும் வடையும் கொடுத்தனுப்புவாள். அன்று அப்பா, "நானே கொண்டு போறேன்" என்றார். கூட நானும் போனேன். மாமாவும் தன் மெஷினைத் துடைத்து, பூஜைக்காக மேஜைக்கு மேலே எடுத்து வைத்திருந்தார். ஒரு செம்பருத்திப் பூவும் வைத்திருந்தார். பூவுக்குக் கீழே ஸ்டிக்கர்.

அப்பா சுண்டல் இருந்த தூக்குப் பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இது எங்கேந்து வந்தது?"

மாமா எட்டிப் பார்த்தார். "அதானே! துடைக்கும்போதுதான் நானும் பார்த்தேன். ஆரியசாலைக்காரர் ஒட்டியிருப்பார்னு நினைச்சேன்."

"நினைச்சியா. எங்காத்து மெஷின்ல இருந்த ஸ்டிக்கர் காணோம். உன் மெஷின்ல வந்து உட்கார்ந்துண்டிருக்கு. நீ வந்து தனியா உட்கார்ந்துட்டுப் போனப்புறம்தான் காணாமப் போயிருக்கு."

"அத்திம்பேர்..."

"ஸ்டிக்கர் மட்டும்தான் எடுத்தியா, உள்ள இருக்கற சிப்பையும் மாத்திட்டியா? அதான் மெஷின் நிக்கறதா?"

மெஷின் நின்றது மாமா வருவதற்கு முன்னால். நின்றதால்தான் மாமாவே வந்தார். இது பத்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது, சர்க்கார் ஆபீஸில் பெரிய பெரிய பைல்களைச் சரிபார்க்கிற அப்பாவுக்குத் தெரியவில்லை. கோபம் வந்தால் யாருக்குத்தான் தெரிகிறது.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் திருடிட்டேன்னு சொல்றேளா?" என்று மெல்லக் கேட்டார். "இனிமே எங்காத்துப் படி ஏற வேண்டாம்" என்றார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். மாமா அந்தத் தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் அம்மா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாய் தகப்பன் இல்லாத அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்த ஒரு தம்பிதான். சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் ஒரே பாத்திரத்தைத் தேய்த்தாள்.

அக்காவுக்கு வேறொரு இடி. அவள் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தசமி காலை பூஜையில் வைத்ததையெல்லாம் எடுத்ததும் ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய், அந்த மெஷினில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று. சாயங்காலம் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"அந்த மிளகாய் மெஷின்ல உன் படிப்பு முடியணும்னு இல்லை" என்றார் அப்பா.

"அப்போ என் வருஷம் போகட்டுமா அப்பா?"

"ஆள் வருவான். கம்பெனி மெஷின்."

அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைய பொழுது எனக்குப் போகவே இல்லை. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. ஒரு புஸ்தகத்துக்குள் தலையை நுழைத்துக்கொள்ளவும் வழியில்லாமல், செய்த காரியத்தோடு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. மாமா திருடன் ஆனது என்னால். அம்மா அழுவது என்னால். அக்காவின் வருஷம் போவது என்னால். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அப்பாவின் நாற்காலி வரை போனேன். வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. "என்னடீ?" என்பார். "ஒண்ணுமில்லை" என்று திரும்பி வருவேன்.

விஜயதசமி காலை. குளித்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். முன்னால் தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசி. பூஜை எடுத்ததும் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அரிசியில் விரலால் முதலெழுத்தாக ஹரிஸ்ரீ எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை. அப்பா எழுதினார், அம்மா எழுதினாள், அக்கா கண்ணீர் சொட்டச் சொட்ட எழுதினாள். அப்பா அரிசியைத் தட்டிச் சமப்படுத்தி என் பக்கம் நகர்த்தினார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாயால் சொல்ல வராதது விரலுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், கைக்கு வந்ததும் அந்த எழுத்துதான். அரிசியில் எழுதினேன். "மாமன் அல்ல, ஞான்." எடுத்தது மாமா இல்லை, நான் என்று.

அப்பா குனிந்து படித்தார். மறுபடி படித்தார். நான் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. அரிசியை அவர் உள்ளங்கையால் தடவிச் சமமாக்குகிற சத்தம் கேட்டது.

"எதுக்குடீ எடுத்தே?"

"மாமா மெஷினும் வேகமா ஓடட்டும்னு."

"ஓடித்தா?"

"ஓடித்து" என்றேன். பொய் சொல்லவில்லை.

அக்கா அழுதுகொண்டிருந்தவள் பக்கென்று சிரித்துவிட்டாள். அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குத்தான் அழுகை பீறிட்டது. "நான் எடுத்ததாலதான் நம்ம மெஷின் நின்னுபோச்சு. அதைத் திரும்ப ஒட்டிட்டா சரியாயிடுமா அப்பா?" என்று கேட்டேன்.

அப்பா சிரிக்கவில்லை. எல்லோரும் சிரித்தபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அவர் நம்பியதும் அதேதானே. ஸ்டிக்கர் போனால் சிப்பும் போயிருக்கும், சிப் போனால் மெஷின் நிற்கும். நான் பத்து வயதில் நம்பியதை அவர் ஐம்பது வயதில் நம்பியிருந்தார்.

"அவன் அன்னிக்கு என்ன சொன்னான்?" என்று அக்காவிடம் கேட்டார்.

"பிளாஸ்டிக்கைக் கழட்டச் சொன்னார்."

"முதல்ல நீ ஹரிஸ்ரீ எழுது" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தார். நான் எழுதி முடிப்பதற்குள் பிளாஸ்டிக் கிழிகிற சத்தம் கேட்டது. வெல்வெட் உறை தரையில் கிடந்தது. கத்தரியைத் தேடக்கூட அவருக்குப் பொறுமையில்லை, கையாலேயே கிழித்தார். உறைக்குள்ளிருந்து அடைபட்ட சூட்டின் வாசனையும் புது அட்டைப்பெட்டியின் வாசனையும் சேர்ந்து வந்தன.

அக்கா உட்கார்ந்தாள். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்றோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் மெஷினைப் பார்ப்பதுமாக இருந்தோம். பத்து நிமிஷம். இருபது. அரைமணி ஆகும்போது அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அரைமணி கடந்தது. அப்பா பின்பக்கம் கையைக் கொண்டுபோய், "காத்து வர்றது" என்றார். முக்கால் மணி. ஒரு மணி. அக்கா திரும்பியே பார்க்கவில்லை, விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. மறுநாள் காலை அவள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள், தேறினாள், வேலைக்கும் போனாள். அலமாரி ஜாதகம் வந்த வழியே திரும்பிப் போனது.

ஒரு மணி நேரம் ஆனதும் அப்பா சட்டையை மாட்டினார். "வா" என்று என்னைக் கூப்பிட்டார்.

தெருவில் பாதி தூரம் நடந்தார். பிறகு, என்னிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்ததுபோல் மெல்லச் சொன்னார்.

"அந்தக் கடைல அந்தப் பையன் பேசினானே, எனக்கு ஒரு வார்த்தை புரியலை கேட்டியா. கேட்டா நாணக்கேடு. ஏமாந்துடுவோமோன்னு ஒரே பயம். தெரிஞ்ச பேர் ஒண்ணே ஒண்ணு காதுல விழுந்தது. அதைப் பிடிச்சுண்டுட்டேன்."

அப்பா பயப்படுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவர் விரலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் பயம் அந்த இடத்திலேயே பாதி இறங்கிவிட்டது.

மாமா கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"தப்பு என்மேலதான்" என்றார் அப்பா. "அன்னிக்கு உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. க்ஷமிச்சுக்கோ."

எங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் இளையவரிடம் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் அதிகம் கேட்டதில்லை. மாமா பதறிப்போனார். "ஐயோ அத்திம்பேர், என்ன இது, சாரமில்லை, பரவாயில்லை" என்று அப்பாவின் கையைப் பிடித்தார். கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க என் பக்கம் குனிந்து, "நீதானாடீ ஒட்டினது?" என்று காதைப் பிடித்தார். வலிக்கவே இல்லை.

"சாப்பிட வா" என்றார் அப்பா. "உங்கக்கா ரெண்டு நாளா முகம் கொடுத்துப் பேசலை."

மாமா சட்டைகூட மாற்றவில்லை. எங்களுக்கு முன்னால் நடந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கால் கழுவிண்டு வாடா" என்றாள். இன்னொரு இலை எடுத்துப் போட்டாள். ஆனால் பரிமாற ஆரம்பித்தவள் முதல் கரண்டியிலேயே அழுதுவிட்டாள். மாமா, "உப்பு போதும்க்கா" என்றார். அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று நான் நான்கு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன். "போதும்டீ, வயிறு என்னத்துக்காகும்?" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். நவமி காலையிலிருந்து எனக்கு ஒரு கவளம்கூட உள்ளே இறங்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது; அவரவர் கவலையில் யாரும் கவனிக்கவில்லை. ஐந்தாவது தடவை டம்ளரை நீட்டினேன். அப்பா தன் பாயசத்தை எடுத்து என் பக்கம் வைத்தார்.